நடுவயதில் நெடுந்தூர ஓட்டம்: மெதுவாக ஓடுவதன் கணக்கு

“மேனேஜர் சார், நேத்து உங்களைச் சிப்பிகாட் ரோட்டுல பார்த்தேன். ஓடுறீங்களா, நடக்குறீங்களான்னே தெரியலையே!”

திங்கட்கிழமை காலையில் கிளைக்கு வரும் வாடிக்கையாளர் எவரேனும் இப்படிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்பவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். ஞாயிறுதோறும் விடியற்காலையில் நான் ஓடும் நெடுந்தூர ஓட்டம் பார்ப்பவர் கண்ணுக்கு அவ்வளவு மெதுவானது என்பது உண்மையே. ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏழரை நிமிடம் ஆகிறது. சில நாள்களில் எட்டு நிமிடமும் ஆவதுண்டு. பால்காரரின் மிதிவண்டி போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் என்னைக் கடந்துவிடும். இப்படி ஓடுவதை நான் ஒரு விலை கொடுத்தே கற்றேன். அதனை முகப்பில் நின்றபடி விளக்கத் தொடங்கினால் பின்னால் வரிசை நீண்டுவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். நாற்பது வயதைக் கடந்தபின் ஓடத் தொடங்கியிருப்போர்க்கும், தொடங்க எண்ணியிருப்போர்க்கும் இது பயன்படக்கூடும்.

நான் எக்காலத்திலும் விளையாட்டு வீரனாக இருந்ததில்லை. வணிகவியல் பட்டம் பெற்று, வங்கித் தேர்வு எழுதி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாற்காலியில் அமர்ந்து பணியாற்றுபவன். என் தந்தையார்க்கு ஐம்பத்திரண்டாம் வயதில் மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆயினும் அதன்பின் மாடிப்படி ஏறும் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, யாரையோ எதிர்பார்ப்பவர் போலக் கீழே பார்ப்பார். எனக்கு நாற்பத்து மூன்று வயதானபோது, ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் இரத்த அழுத்தம் 148/96 என்று பதிவாயிற்று. முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது தெற்காசியர்க்கு 53 என்றும், பிற நாட்டினர்க்கு ஏறத்தாழ 59 என்றும் 52 நாடுகளில் நடைபெற்ற இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியிருக்கிறது. என் தந்தையார் விதிவிலக்கு அல்லர் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார். உடற்பயிற்சியும் செய்யச் சொன்னார். அப்போது நான் திருச்சியில் பணியாற்றினேன். காவிரிக் கரையில் முதலில் நடந்தேன். பிறகு நடையும் ஓட்டமுமாகச் சென்றேன். ஓராண்டில் பத்துக் கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடும் நிலைக்கு வந்துவிட்டேன். கைக்கடிகாரம் காட்டும் நிமிடங்களைக் குறைத்துக்கொண்டே போவதுதான் முன்னேற்றம் என்று அந்நாளில் எண்ணியிருந்தேன். இலக்கு எவ்வளவு, எட்டியது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று காலாண்டுதோறும் பார்த்துப் பழகியவனுக்கு அந்த எண்ணம் எளிதில் வந்துவிடும்.

ஒரு மார்ச் மாத ஞாயிறு

அந்தமானுக்கு மாற்றலாகிக் கராச்சர்மாவில் குடியேறிய மூன்றாம் வாரம் அது. ஆண்டு முடிவுக் கணக்கின் நெருக்கடிக்கு நடுவே கிடைத்த ஒரே ஓய்வு நாள். பதினாறு கிலோமீட்டர் ஓடுவதென முடிவு செய்தேன். திருச்சியில் எப்படியோ அப்படியே காலை ஆறே கால் மணிக்குப் புறப்பட்டு, கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்ற வேகத்தில் சென்றேன். 1978-இல் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இவ்வூரில்தான் இருக்கிறது. அதனைக் கடந்து, சிப்பிகாட் பக்கம் செல்லும் சாலையைப் பிடித்தேன். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது நிலம் தாழ்ந்து, கடல்நீர் புகுந்து, இன்றுவரை நீர் தேங்கிக் கிடக்கும் வயல்கள் அங்கே உண்டு. நீர்ப்பரப்பில் கொக்குகள் நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

திரும்பும் வழியில், பதின்மூன்றாம் கிலோமீட்டரில், சட்டை வியர்வையில் நனைந்து உடலோடு ஒட்டியிருந்தபோதும் தோள்களில் மயிர் கூச்செறிந்தது, குளிர்வது போலிருந்தது. இன்னும் எவ்வளவு தூரம் எஞ்சியிருக்கிறது என்று கணக்கிட முயன்றேன். பதினாறிலிருந்து பதின்மூன்றைக் கழிக்க என்னால் இயலவில்லை. ஒருமுறை ஐந்து என்று வந்தது. மறுமுறை எந்த எண்ணுமே வரவில்லை. அப்போதும் நிற்க வேண்டும் என்று தோன்றவில்லை என்பதுதான் அந்நிலையின் கொடுமை.

சாலையோரத் தேநீர்க் கடையிலிருந்த அம்மையார் என் நடை தள்ளாடுவதைக் கண்டு, கையைப் பிடித்து நிழலில் பலகைமீது அமர்த்தினார். கேட்காமலே தலையிலும் கழுத்திலும் தண்ணீரை ஊற்றி, ஓர் அட்டையால் விடாமல் விசிறினார். கால் மணி நேரத்தில் எனக்குத் தெளிவு வந்தது. “உடம்பு நல்லா இருக்கணும்னுதானே சார் ஓடுறீங்க?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் செய்த முதலுதவி முற்றிலும் சரியானது என்பதைப் பிற்பாடு படித்தறிந்தேன். வெப்பத்தால் தளர்ந்தவரை நிழலுக்குக் கொண்டுவந்து, தோலை நனைத்து, காற்றுப்படச் செய்வதே முதல் வேலை. பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்பப் பக்கவாதமாக இருக்கக்கூடும். குளிர்விப்பதை நிறுத்தாமலே 112-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நான் அன்று மருத்துவமனைக்குச் செல்லாமல் வீட்டுக்குப் போனது மற்றொரு தவறு.

சூரியனின் கடிகாரம் வேறு

என் முதல் பிழை மிக எளியது. நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்றே, சூரியன் அப்படியன்று. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. ஒரு பாகைக்கு நான்கு நிமிட வேறுபாடு. திருச்சி ஏறத்தாழ 78¾ பாகையில் இருக்கிறது. தெற்கு அந்தமானோ 92¾ பாகையில் இருக்கிறது. பதினான்கு பாகைக்கு ஐம்பத்தாறு நிமிடங்கள். ஆகவே கராச்சர்மாவில் ஆறே கால் மணிக்குப் புறப்படுபவர், சூரியக் கணக்கில், திருச்சியில் ஏழே கால் மணிக்குச் சற்று முன்பு புறப்படுபவருக்கு ஒப்பாவார். ஜூன் மாதத்தில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் எழுந்துவிடுகிறது. இவ்வூரில் நெடுந்தூரம் ஓட விரும்புவோர் நான்கு மணிக்கு எழுவது மிகையான கட்டுப்பாடு ஆகாது. தலைநிலத்திலிருந்து வருவோர் இதனை முதல் வாரத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. அலுவலக நேரம் மட்டும் மாறவில்லையே என்று நாம் ஏமாந்துவிடுகிறோம்.

இரண்டாவது பிழை, உடல் பழகுவதற்கு முன்பே பழைய வேகத்தை எதிர்பார்த்தது. புதிய வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள்கள் ஆகும். அக்காலத்தில் இரத்த நீரின் அளவு கூடுகிறது. வியர்வை விரைவாகவே சுரக்கத் தொடங்குகிறது. அதில் உப்புக் குறைகிறது. ஆனால் இந்த மாற்றம், வெயிலில் சிறிது சிறிதாக உழைத்தால்தான் நிகழும். நானோ முதல் இரு வாரங்களும் குளிரூட்டிய அறையில் கணக்கு முடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பிழைதான் இக்கட்டுரைக்குக் காரணம். அது வேகம்.

வெப்பத்தின் வரவு செலவு

ஓடும் மனிதன் ஒரு கிலோகிராம் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவிடுகிறான். என் எடை 74 கிலோகிராம். மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் 740 கிலோ கலோரி செலவாகும். இதில் கால்வாசியே கால்களை நகர்த்துகிறது. முக்கால்வாசி, அதாவது 555 கிலோ கலோரி, வெப்பமாக உடலுக்குள் சேருகிறது. மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் ஓடினால் சேரும் வெப்பம் 444.

இவ்வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் முதன்மை வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். “முழுவதும் ஆவியானால்” என்பதே இங்கே முக்கியம். சொட்டிக் கீழே விழும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. ஆண்டில் பெரும்பகுதி ஈரம் நிறைந்திருக்கும் இத்தீவுகளின் காற்று, மேலும் ஈரத்தை ஏற்றுக்கொள்ள இடம் வைத்திருப்பதில்லை. “நல்லா வேர்க்குது, உடம்புக்கு நல்லது” என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி இங்கே தரையில் சொட்டி வீணாகிறது.

ஒரு கணக்குக்காக, அன்றைய காற்று மணிக்கு 300 கிலோ கலோரி வெப்பத்தைத்தான் ஏற்றது என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் உடலில் தங்குவது 144. பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் தங்குவது 255. என் எடையுள்ள உடலின் வெப்பநிலை ஒரு பாகை உயர 61 கிலோ கலோரி போதும். ஆக, முதல் வேகத்தில் ஒரு மணி நேர முடிவில் 37 பாகை செல்சியஸ் 39.4 ஆகும், இரண்டாம் வேகத்தில் அது 41-ஐத் தாண்டும். நாற்பதுக்கு மேல் மூளை தடுமாறத் தொடங்குகிறது. இது தாளில் போட்ட கணக்கு. உண்மையான உடல் இதைவிடச் சிக்கலானது. எனினும், வேகம் கால் பங்கு கூடும்போது தங்கும் வெப்பம் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது என்னும் உண்மை இதில் தெளிவாகத் தெரிகிறது. வருவாய் மாறாதிருக்கையில் செலவைச் சிறிது கூட்டினால் பற்றாக்குறை எவ்வளவு பெருகும் என்பது சிறுதொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெதுவாக ஓடினால் பயன் உண்டா?

உண்டு, நெடுந்தூர ஓட்டத்தின் பயன் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. நம் உடல் இரண்டு வகை எரிபொருளை வைத்திருக்கிறது. தசைகளிலும் ஈரலிலும் உள்ள மாவுச்சத்துச் சேமிப்பாகிய கிளைக்கோஜன் ஏறக்குறைய 500 கிராம். இது 2,000 கிலோ கலோரி தரும். என் எடைக்கு இது 27 கிலோமீட்டருக்குப் போதும். மராத்தான் ஓடுவோர் முப்பதாம் கிலோமீட்டரின் அருகே திடீரெனச் சோர்ந்து விழுவதன் காரணம் இதுவே. மற்றோர் எரிபொருள் கொழுப்பு. ஒல்லியான மனிதரிடம்கூட அது பல பத்தாயிரம் கிலோ கலோரி அளவுக்கு இருக்கிறது. என்னைப் போன்றவரிடம் ஒரு லட்சத்துக்கும் மேல். முதலாவது நடப்புக் கணக்கு. இரண்டாவது நிரந்தர வைப்பு. விரைந்து ஓடும்போது உடல் நடப்புக் கணக்கையே காலி செய்கிறது. மெதுவாக, நீண்ட நேரம் ஓடும்போது வைப்பிலிருந்து எடுக்கப் பழகுகிறது. தசை உயிரணுக்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் பெருகுகின்றன. அவற்றுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் அதிகரிக்கின்றன. இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. இவற்றுக்கு வேண்டியது நேரமே.

இதனை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். 1917-இல் பிறந்த அவர், ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் பணியாற்றியவர். இருபதுகளின் பிற்பகுதியில் ஒரு நண்பருடன் சில மைல்கள் ஓடி மூச்சு முட்டிப் போனபின், நாற்பதுகளில் நான் என்ன ஆவேன் என்று அஞ்சித் தம்மீதே பல ஆண்டுகள் சோதனை செய்து பார்த்தார். அவர் கண்ட முடிவு: வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். தம் மாணவர்களை ஞாயிறுதோறும் வைத்தக்கேரே மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓடச் செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் 800 மீட்டர் ஓட்டக்காரர்களுக்கும் அதே பயிற்சிதான். பலர் நகைத்தனர். 1960 ரோம் ஒலிம்பிக்கில், செப்டம்பர் 2 அன்று, அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே பிற்பகலில் தங்கம் வென்றனர்.

எனினும் நடுவயதினராகிய நமக்கு வேண்டிய செய்தி அதன்பின் நடந்தது. லிடியார்ட் தம் முறையை, இதயநோய் கண்டவர்களும் பருத்த உடலினரும் உள்ளிட்ட சாதாரண மக்களுக்குக் கற்பித்தார். 1962-இன் இறுதியில் அங்கு வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேனுக்கு அப்போது வயது 51. உலகத்தரம் வாய்ந்த வீரர்களை உருவாக்கிய அவர், அக்குழுவினருடன் ஓட முயன்று பின்தங்கிவிட்டார். எழுபது வயதைக் கடந்த, மாரடைப்பிலிருந்து மீண்ட முதியவர் ஒருவர் இரக்கப்பட்டு அவருக்காக வேகத்தைக் குறைத்து, பேசிக்கொண்டே உடன் ஓடினாராம். ஊர் திரும்பிய பவர்மேன், இதய மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து 1967-இல் வெளியிட்ட நூலால்தான் அமெரிக்காவில் மெல்லோட்டம் மக்கள் இயக்கமாயிற்று.

வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம் வேண்டாம். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் பேச முடிந்தால் அது சரியான வேகம். தனியே ஓடும் நான் ஒரு திருக்குறளை உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். ஏழு சீரையும் இடையில் நிற்காமல் சொல்லிவிட்டால் தொடர்வேன். நான்காம் சீரில் மூச்சு வாங்கினால் நடப்பேன். இதயத் துடிப்பைக் கொண்டு அளப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் சில மாத்திரைகள் துடிப்பைச் செயற்கையாகக் குறைத்துக் காட்டும். அவற்றை உட்கொள்வோர்க்குக் கருவி சொல்லும் எண்ணைவிடக் குறள் சொல்லும் சோதனையே நம்பகமானது. மார்ச் மாத அனுபவத்திற்குப் பிறகு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பேன். கணக்குத் தடுமாறினால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

இதயத்தின் முன் அனுமதி

ஓட்டம் இதயத்துக்கு நல்லது என்பதனால், ஓடுபவரின் இதயம் நல்லது என்று பொருளாகாது. அமெரிக்கரான ஜிம் ஃபிக்ஸின் வாழ்க்கை இதற்குச் சான்று. புகைபிடிப்பவராகவும் பருத்தவராகவும் இருந்த அவர், முப்பத்தைந்தாம் வயதில் ஓடத் தொடங்கி எடையைக் குறைத்து, புகையையும் விட்டு, 1977-இல் எழுதிய ஓட்ட நூலால் பெரும் புகழ் பெற்றார். அவருடைய தந்தையார் முப்பத்தைந்தாம் வயதில் மாரடைப்புக்கு ஆளாகி, நாற்பத்து மூன்றாம் வயதில் இறந்தவர். 1984 ஜூலை 20 அன்று, 52 வயதில், ஓட்டத்தின்போது ஃபிக்ஸ் மாரடைப்பால் இறந்தார். இதயத் தமனிகள் கடுமையாக அடைபட்டிருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் இதயப் பரிசோதனை செய்துகொள்ள ஒரு மருத்துவர் அழைத்தும் அவர் உடன்படவில்லை. ஓட்டம் அவருக்குச் சில ஆண்டுகளைக் கூட்டித் தந்திருக்கும் என்றே மருத்துவர் பலர் கருதினர். பரிசோதனை இன்னும் சிலவற்றைத் தந்திருக்கும் என்பது என் எண்ணம். அந்த 52 என்ற எண்ணைப் படித்தபோது, படிக்கட்டில் பாதியில் நின்ற என் தந்தையார்தான் நினைவுக்கு வந்தார். அந்த வாரமே ட்ரெட்மில் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்தேன்.

அச்சத்தைப் பெரிதாக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 மே வரை மராத்தான், அரைமராத்தான் போட்டிகளில் கலந்துகொண்ட 1.09 கோடிப் பேரை ஆராய்ந்தபோது, இதயம் நின்றுபோனவர்கள் 59 பேர். அவர்களுள் இறந்தவர்கள் 42 பேர். மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அந்த 59 பேரில் 51 பேர் ஆண்கள். சராசரி வயது 42. இப்பக்கத்தைப் படிக்கும் பலரது வயது அது. நாற்பதைக் கடந்தவர், அதிலும் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு நேர்ந்தவர், ஓடத் தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் நின்றுவிட வேண்டும். வாயுத் தொல்லை என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்வது நம் ஊர் வழக்கம்; பலரை இழந்த வழக்கம்.

தண்ணீர், உப்பு, இளநீர்

வெப்பத்துக்கு அஞ்சி அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதும் ஆபத்தே. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினரிடம் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்கு நீர் பருகியதே அதற்கு முதன்மையான காரணம். தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே முறை. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோகிராம் குறைந்தால் ஒரு லிட்டர் நீர் குறைந்திருக்கிறது என்று பொருள். அதனைப் பகல் முழுவதும் பங்கிட்டுப் பருகலாம். எடை கூடியிருந்தால் மிகுதியாகக் குடித்துவிட்டீர்கள்.

இத்தீவுகளில் இளநீருக்குக் குறைவில்லை. அதில் பொட்டாசியம் மிகுதி; சோடியம் குறைவு. வியர்வையில் நாம் இழப்பதோ பெரும்பாலும் சோடியம். ஆகவே இளநீருடன் ஒரு சிட்டிகை உப்பும் தேவை. மருந்தகத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியும் நல்லதே. எனக்கு இவை எல்லாவற்றையும்விட உவப்பானது, முந்தைய இரவு நீரூற்றி வைத்த சோற்றின் நீராகாரம், உப்பும் மோரும் கலந்து. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்க. வலி வரும் என்று எதிர்பார்த்து ஓட்டத்துக்கு முன்பே வலி மாத்திரை விழுங்குவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். நீர் குறைந்த உடலில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர் சட்டைப்பையில் சர்க்கரையின்றிப் புறப்படலாகாது.

தூரத்தைக் கூட்டும் முறை

மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் பழகப் பல மாதங்கள் ஆகும். “மூச்சு வாங்கவில்லையே, இன்னும் இரண்டு கிலோமீட்டர் போகலாம்” என்று எண்ணும் அந்த நாளில்தான் குதிகால் நரம்பு பழுதாகிறது. தொடர் வைப்புக் கணக்கைப் போல மாதந்தோறும் சிறுதொகை என்பதே இங்கும் பொருந்தும். முப்பது நிமிடங்களில் தொடங்கி, நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செல்லலாம். நடப்பதில் இழுக்கு ஏதுமில்லை. வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டினால் போதும். நான்காம் வாரம் குறைத்துக்கொள்க. வார நாள்களில் இரண்டு சிறு ஓட்டங்கள் இல்லாமல் ஞாயிறு மட்டும் நெடுந்தூரம் ஓடுவது காயத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் எங்களுக்கு விடுமுறை. அவ்வாரங்களில் சனியன்று ஓடி, ஞாயிறு முழுதும் ஓய்வெடுப்பேன். நடுவயதில் ஓய்வும் பயிற்சியின் பகுதியே.

இங்குள்ள மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே முதல் டிசம்பர் வரை இரு பருவமழைகளும் மாறி மாறிப் பெய்யும். மழையில் ஓடுவது வெப்பக் கணக்குக்கு நல்லதே. ஆயினும் தேங்கிய நீரில் காயமுள்ள காலோடு ஓடலாகாது. 1980-களின் இறுதியில் அந்தமானில் பரவிய மர்மக் காய்ச்சல், எலிகளின் சிறுநீர் கலந்த நீரால் தொற்றும் லெப்டோஸ்பைரோசிஸ் என்று பின்னர் கண்டறியப்பட்டது. விடியுமுன் ஓடுவோர் வெளிர்நிறச் சட்டை அணிந்து, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தவாறு சாலையின் வலப்புறம் ஓடுக.

வயதைக் காரணம் காட்டுவோர்க்கு ஃபௌஜா சிங்கை நினைவூட்டுவேன். எண்பத்தொன்பதாம் வயதில் முதல் மராத்தான் ஓடிய அவர், 2011-இல் டொராண்டோவில் நூறு வயதுக்காரராக 8 மணி 11 நிமிடத்தில் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் கின்னஸ் அதனை ஏற்கவில்லை. ஆவணம் கேட்டு வாடிக்கையாளரைத் திருப்பியனுப்பும் எங்கள் இனத்தார் அங்கும் இருக்கிறார்கள் போலும்.

என் நிலை இப்போது இது: கராச்சர்மாவில் நான்கு மணி இருபது நிமிடத்துக்குப் புறப்படுகிறேன். பதினாறு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. இரத்த அழுத்தம் 128/82. மாத்திரை பாதியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது, நிறுத்தப்படவில்லை. தேநீர்க் கடை அம்மையார் என்னைக் கண்டால் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துப் பலகைமீது வைப்பார். தாகமாக இருந்தால் மட்டும் குடிப்பேன்.

இக்கட்டுரையின் தொடக்கத்தில் வரும் வினாவைக் கேட்ட வாடிக்கையாளர் சொந்தப் படகு வைத்திருப்பவர், வயது ஐம்பத்தொன்று. சென்ற வாரம் தாமும் என்னுடன் ஓட வருவதாகச் சொன்னார். மேட்டில் ஏறும்போது மட்டும் நெஞ்சு லேசாக இறுக்கும், நின்றால் உடனே விட்டுவிடும் என்று பேச்சுவாக்கில் சேர்த்துக்கொண்டார். நான் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன். ஞாயிறு வேண்டாம் என்றேன். அவருடைய மகனையும் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். அடுத்த நாள் காலையிலேயே இதய மருத்துவரைப் பார்க்க ஏற்பாடாயிற்று. முதல் சோதனைகள் முடிந்து, மேற்கொண்டு பார்க்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று பிற்பகல் நான் விடுப்பு எடுத்திருக்கிறேன். அவரும் மகனும் நானும் சேர்ந்து செல்கிறோம்.